கோப்பியில் கரைத்த சீனக் குளிசை

என் கணவரின் நோய் ஒரு ஏவறையில் தொடங்கியது. ஏவறை என்றால் ஏப்பம்தான். விடியற்காலையில் அவர் விட்ட ஏப்பத்தில் முதல்நாள் மத்தியானம் தின்ற கத்தரிக்காய்க் கறி மணத்தது. நான் சிரித்தேன். "நேற்றையான் கறிக்கு உங்களை விட்டுப் போக மனமில்லைப் போலை கிடக்கு" என்று பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார். இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் யாருக்காவது நேற்றைய சாப்பாடு இன்றைக்கு மணத்தால் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

நாங்கள் வடமராட்சியிலிருந்து வன்னியில் முரசுமோட்டைக்குக் குடியேறி அப்போது ஐந்து வருடம். மூன்று ஏக்கர் வயல், வீடு கட்ட ஒரு மேட்டுக்காணி. பிள்ளை இல்லை. அவர் நல்ல உழைப்பாளி, சுத்த சைவம். என் சமையலில் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பெரிய கோப்பை நிறையச் சோறு தின்றுவிட்டு, கை கழுவும்போது "நல்லாயிருந்தது" என்று ஒரு சொல் சொல்லுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் குசினியில் மாய்ந்தேன் என்றாலும் பிழையில்லை.

மாசி மாதம் கோப்பை பாதியானது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கல்லாகிவிட்டது என்பார். நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்து அமத்திக்கொண்டு வரம்பில் குந்திவிடுவார். கிளிநொச்சியில் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயாவிடம் வெள்ளைத் தண்ணீர் மருந்து (வயிற்றுப் புளிப்பை அடக்குவது) வாங்கி வந்தோம். "உது முடியக் குறையாட்டில் திரும்பி வரவேணும்" என்று அவர் சொல்லித்தான் விட்டார். மருந்து முடிந்தது, வருத்தம் குறையவில்லை. திரும்பிப் போகத்தான் இவருக்கு மனம் வரவில்லை. வயலில் வேலை கிடக்கிறதாம்.

அந்த நாட்களில் சைக்கிளில் சீத்தைத் துணி விற்றுக்கொண்டு ஒரு சீனாக்காரர் எங்கள் பக்கம் வருவார். மாங்குளத்தில் ரயிலால் இறங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் குடியேற்றத் திட்டம் முழுவதையும் சுற்றுவார். கரியரில் துணிப் பொட்டணி, கையில் அளவுகோல், வாயில் முப்பது நாற்பது தமிழ்ச் சொல். அவருடைய பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவர் எங்கள் எல்லாருடைய பெயரையும் நினைவில் வைத்திருந்தார்.

அந்த வருடப் பொங்கல் கழிந்த கையோடு அவர் வந்தபோது, புக்கையும் வடையும் அளவுக்கு மிஞ்சித் தின்றுவிட்டு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பொட்டணிக்குள்ளிருந்து ஒரு தகரப்பேணியை எடுத்தார். உள்ளே மெழுகு உருண்டைகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் சீன எழுத்துக் குத்தியிருந்தது. நகத்தால் மெழுகைப் பிளந்தால் உள்ளே தேனில் பிசைந்த கறுத்த குளிசை (மாத்திரை). "அம்மா, சப்பு. சுடுதண்ணி குடி" என்றார். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் என் வயிறு இளகிவிட்டது.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவருடைய ஊர் மலையில் காய்க்கும் ஒரு புளிப்புப் பழம், முள்ளங்கி விதை, காய்ந்த தோடம்பழத் (ஆரஞ்சு) தோல், புளிக்கவைத்த கோதுமை மா, மரவேரில் வளரும் ஒரு காளான். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினார். இது வயிற்றில் தேங்கி நிற்பதை நகர்த்தும் மருந்து என்பதை விளக்க, எங்கள் வாய்க்காலடிக்குப் போய்க் குனிந்து, சேற்றை வழித்து எறிவதுபோல் செய்தார். துணி பார்க்க வந்து நின்ற நாங்கள் பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பங்குனியில் அவர் மறுபடி வந்தபோது என் கணவருக்காக அந்தக் குளிசையைக் கேட்டேன். ஆறு தந்தார். மூன்று விரலைக் காட்டினார். "மூண்டு நாள். வயித்து நோ போகாட்டி, டொக்டர். பெரிய டொக்டர்." காசு வாங்க மாட்டேன் என்றார். நான் ஒரு கட்டுப் புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கொடுத்தேன்.

வீட்டுக்குள் கொண்டுபோய்க் காட்டினேன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாம்பும் தவளையும் தின்னுறவன்ரை மருந்தை என்ரை வாயிலை வைக்கச் சொல்லுறீரோ? உம்மடை பொங்கல் வயிறும் என்ரை வயிறும் ஒண்டோ?"

"அதிலை பழமும் விதையுந்தான் இருக்காம்."

"அவன் சொன்னவன், நீர் கேட்டனீர். கொண்டுபோய் எறியும்."

நான் எறியவில்லை. காலையில் அவர் குடிக்கும் மல்லிக் கோப்பிக்குள் வேர்க்கொம்பும் (சுக்கும்) பனங்கட்டியும் போட்டு, அதற்குள் ஒரு குளிசையைக் கரைத்துக் கொடுத்தேன். கறுப்போடு கறுப்பு, இனிப்போடு இனிப்பு. ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இண்டைக்குக் கோப்பி திறம்" என்றார்.

நான் கள்ளி. அதை இங்கே நானே எழுதி வைக்கிறேன், மற்றவர்கள் எழுதுவதற்கு முன்.

மூன்றாம் நாள் அவருக்குப் பசித்தது. தானாகக் குசினி வாசலில் வந்து நின்று, "இன்னும் சமைக்கேல்லையோ?" என்று கேட்டார். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டார், வயலுக்குப் போனார். "உம்மடை கோப்பிதான் என்னை எழுப்பினது" என்று அயலட்டை ஆட்களுக்கு முன்னாலேயே சொன்னார். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரம், கோபித்தாலும் அரைநாளில் ஆறியிருக்கும். ஆனால் புகழ்ச்சி ருசியாக இருந்தது. கோப்பிக்குக் கிடைத்த பேரை ஒரு சீனாக்காரருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதைவிட அற்பமான காரணத்துக்காக யாரும் ஒரு பொய்யை வைத்திருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வைகாசி பிறக்க அவருக்கு மறுபடி வயிறு கல்லானது. சீனாக்காரர் வந்தபோது, எனக்கும் அயலில் இருப்பவர்களுக்கும் வேண்டும் என்று சொல்லி முப்பது குளிசை வாங்கினேன். மூன்று நாள்தான் என்று சொன்ன அவரையும் ஏமாற்றினேன்.

வைகாசிக்குப் பிறகு கோப்பி வேலை செய்யவில்லை. பின்னேரங்களில் சத்தி (வாந்தி) எடுக்கத் தொடங்கினார். கிழமைக்கு ஒன்றாகக் கொடுத்த குளிசையை நான் இரண்டாக்கினேன். தோள்மூட்டு எலும்பு தள்ளியது. உடுத்த வேட்டி இடுப்பில் நில்லாமல் வழுகியது. சத்தி எடுத்தபின் சுகமாக இருக்கிறது என்று அவர் சொல்ல, சரி, கெட்டது வெளியே போகிறது என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஆவணியில் சிறுபோக அறுவடைக்குக் கைகொடுக்க அவருடைய தமக்கை ஊரிலிருந்து வந்தா. எனக்குப் பெரிய மச்சாள். நாங்கள் வன்னிக்கு வந்ததே என் பேச்சைக் கேட்டுத்தான் என்று அவாவுக்கு ஒரு கறள். தம்பியைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதா. அழுகை உண்மையானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் தையல் வேலை செய்கிறவள். நூலை இழுத்து வழவழப்பாக்க மெழுகு வேண்டும். அதனால் குளிசைகளின் மெழுகுக் கூடுகளை எறியாமல் ஒரு பேணியில் போட்டு, குசினிப் பறணில் உப்புச் சட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மச்சாளுக்கு உப்புத் தேவைப்பட்டது.

பேணியை முற்றத்தில் கொட்டினா. முப்பதுக்கு மேல் மெழுகுக் கூடுகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்து.

"உதென்னடி எழுத்து? ஆர் எழுதித் தந்தது? தம்பி, இஞ்சை வா. உன்ரை பெண்சாதி உனக்கு என்ன போட்டிருக்கிறாள் எண்டு வந்து பார்."

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புருஷனைத் தன் சொல்லுக்குள் வைத்திருக்கப் பெண்சாதி சாப்பாட்டில் மருந்து போடுவாளாம். அது செமிக்காமல் வயிற்றில் தங்கி, வேர்விட்டு, ஆளை உருக்குமாம். மந்திரம் எழுதிய பொருளென்றால் இன்னும் மோசம். சீன எழுத்தை வாழ்நாளில் காணாத கண்ணுக்கு அது மந்திர எழுத்தாகத் தெரிந்தது. எனக்கே அன்றைக்கு, முற்றத்து வெயிலில், அப்படித்தான் தெரிந்தது.

"சீனாக்காரரின்ரை செமிபாட்டு மருந்து, மச்சாள்" என்றேன். "கோப்பியிலை போட்டுக் குடுத்தனான். சுகம் வரட்டும் எண்டுதான் குடுத்தனான்."

குற்றத்தை நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி வழக்கு எதற்கு?

என் கணவர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கோப்பியிலையோ?" என்றார்.

"ஓம்."

"இவ்வளவு நாளுமோ?"

"ஓம்."

அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை. தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் யாரோ இருப்பதுபோல மெல்லத் தொட்டார். அன்றையிலிருந்து அவர் என்னை 'நீர்' என்று கூப்பிடவில்லை.

மிச்சமிருந்த இரண்டு குளிசையையும் அவர்களுக்கு முன்னால் நான் தின்று காட்டினேன். "மருந்து போட்டவளுக்கு அது ஒண்டும் செய்யாது" என்றா மச்சாள். இந்த நியாயத்துக்கு எதிராக எந்த நீதிமன்றத்தில் யார் வாதாட முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மாங்குளத்துக்குக் கிழக்கே, காட்டோரம், 'மருந்து எடுக்கிறவர்' ஒருவர் இருந்தார். வயிற்றில் தங்கிய இடுமருந்தைச் சத்தியாக எடுத்துவிடுவார் என்று பேர். வண்டிலில் வைக்கோல் பரப்பி இவரைக் கிடத்திக் கொண்டுபோனோம். நான் வீட்டில் நிற்க முடியாது. போட்டவள் கையால்தான் சட்டி பிடிக்க வேண்டும், அப்போதுதான் முழுதும் வரும் என்பது அங்கே சட்டம்.

பத்து மணி வெயிலில், ஒரு மரத்துக்குக் கீழே, இவரை என் முன்னால் இருத்தினார்கள். ஏதோ பச்சிலைச் சாறு ஒரு செம்பு. குடித்து முடிக்கவில்லை, குடலே வெளியில் வருவதுபோலச் சத்தி. நான் சட்டியைப் பிடித்தேன். இரண்டாம் செம்பு கொடுத்தார்கள். வேண்டாம் என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார். தமக்கை பின்னாலிருந்து தலையைப் பிடிக்க, அந்த மனிதன் வாயைத் திறந்து ஊற்றினான். மதிப்பான சொல் இனி அவனுக்கு என்னிடம் இல்லை.

சட்டிக்குள் கையை விட்டு அவன் ஒரு கறுத்த திரளை எடுத்தான். நார் நாராக, கொழகொழவென்று. எல்லாருக்கும் தூக்கிக் காட்டினான்.

"வேர் விட்டிட்டுது. பாருங்கோ."

அது முருங்கைக்காய்ச் சக்கை. நான் மூன்று நாளைக்கு முன் வைத்த கறி. நானே வெட்டி, நானே நார் உரித்த காய் எனக்குத் தெரியாதா? "ஐயோ, அது முருங்கைக்காய், என்ரை கறி" என்று கத்தினேன். "மூண்டு நாளைக்கு முந்தித் திண்ட முருங்கைக்காய் வயித்துக்குள்ளை கிடக்குமோடி?" என்று மச்சாள் கேட்டா. அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதை ஒரு டாக்டரிடம் கேட்டிருந்தால் என் கணவரின் வருத்தம் மாசியிலேயே பிடிபட்டிருக்கும்.

மூன்றாவது செம்புக்குப் பிறகு சட்டியில் கோப்பித் தூள்போலக் கறுப்பாக விழுந்தது. பிறகு சிவப்பாக. என் இரண்டு கையும் நனைந்தன. மருந்து எடுக்கிறவன் எழும்பி வீட்டுக்குள் போய்விட்டான். திரும்பி வரவேயில்லை.

மாங்குளம் ஸ்டேஷனில் யாழ்ப்பாண ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். வாங்கில் (பெஞ்சில்) அவரைக் கிடத்தி, என் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தேன். அவர் தலையை மற்றப் பக்கம் திருப்பினார். செத்தாலும் என்ரை கை படக்கூடாது என்று நினைக்கிறாரோ என்று கேட்டுவிடலாம்போல இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இரத்தம் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள், பேரியம் என்ற சுண்ணாம்புத் தண்ணீர்போன்ற கரைசலைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் இளம் மனிதர், பேச்சில் வளைவு நெளிவு இல்லாதவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்கள் மூவருக்கும் காட்டினார்.

"இது இரைப்பை. இது இரைப்பையிலிருந்து குடலுக்குப் போற வாசல். இதிலை கனகாலமாப் புண் இருந்து, காய்ஞ்சு, தழும்பாகி, வாசல் சுருங்கிப்போச்சு (இதைக் குடல்வாய்ச் சுருக்கம் என்பார்கள்). திண்டது கீழை போகாது. இரண்டு மூண்டு நாள் அங்கையே கிடக்கும்."

நான் குளிசையைப் பற்றிச் சொன்னேன். இனி மறைத்து என்ன பயன்? அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"பழமும் விதையுமெண்டால் அது நஞ்சில்லை. சும்மா செமியாக்குணத்துக்கு நல்லாக் கேட்டிருக்கும். ஆனால் அம்மா, மதகு பூட்டிக் கிடக்கேக்கை வாய்க்கால் துப்புரவாக்கி என்ன? நீங்கள் ஐஞ்சு மாசத்தைத் துலைச்சுப் போட்டியள்." பிறகு மச்சாளைப் பார்த்தார். "உங்கடை ஆள் குடுத்த சத்தி மருந்து இவரைக் கொண்டே போட்டிருக்கும்."

கட்டிலில் கிடந்த என் கணவர், "ஓம் ஐயா, விளங்குது" என்றார். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. விறாந்தையில் போய் நின்று வாய்விட்டு அழுதேன். என் மேல் விழுந்த பழி கழுவப்பட்டுவிட்டது, இனி இவர் பிழைத்தால் சரி என்று நினைத்தேன்.

இரைப்பையில் ஒரு பங்கை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குடலோடு நேரே தைத்தார்கள். பிழைத்தார். இனி ஒரு நேரத்தில் ஒரு சின்னக் கிண்ணம்தான், ஒரு நாளைக்கு ஆறுதரம், வாழ்நாள் முழுவதும் என்று டாக்டர் சொன்னார். "சாப்பாடுதான் இனி இவருக்கு மருந்து. அது உங்கடை கையிலை இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எட்டாம் நாள் முதன்முதலாகக் கஞ்சி. வடித்து, உப்புப் போட்டு, ஆறவைத்துக் கொண்டுபோனேன். கரண்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"முதல் நீ ஒரு வாய் குடி" என்றார்.

ஒரு கிழமையாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதைக் கண்டுவிட்டார், நோயாளியாகக் கிடந்தும் என் பசி அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். கண்ணீரோடு ஒரு கரண்டி குடித்தேன். அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தார்.

இரண்டு மணித்தியாலம் கழித்து அடுத்த கிண்ணம். "முதல் நீ" என்றார். மூன்றாவது கிண்ணத்தில் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்தோம். சண்டை பிடித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அவர் மறுக்கவில்லை. "டொக்டர் சொன்னது சரி. வாசல் சுருங்கினதுதான். ஆனா நீ எனக்குத் தெரியாமல் தந்தனீ. அஞ்சு மாசம். நான் நல்லாயிருக்கு எண்டு சொல்லச் சொல்லச் சிரிச்சுக்கொண்டு தந்தனீ." இதற்கு என்னிடம் பதில் இருந்ததா? இருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

சீனாக்காரர் அந்த மாரிக்கு முன் ஒருமுறை வந்தார். படலையில் சைக்கிளை நிறுத்தி, "ஐயா சுகமோ, அம்மா?" என்று கேட்டார். என் கணவர் உள்ளே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் படலைக்குப் போய், அயல் முழுவதற்கும் கேட்கத்தக்கதாக, "போ, இனி இஞ்சை வராதை. உன்ரை மருந்தாலை என்ரை புருஷன் சாகப் பாத்தவர்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மூன்று விரலை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். எனக்குத் தேவையாக இருந்தது என் கணவரின் ஒரு பார்வை. அதற்காக ஒரு நல்ல மனிதனைத் தெருவில் வைத்து விற்றேன். திரும்பிவந்தபோது கதிரையில் இருந்தவர் தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். பன்னிரண்டு மணிச் சாப்பாடு.

இப்படி நாலு வருடம் போயிற்று. பெரிய வருத்தத்திலிருந்து மீண்டவர்களுக்கு உடம்பு புதிதாகத் தெரியும் என்பார்கள். எங்கள் வீட்டில் மாறியது என் உடம்பு. என் நாள் ஆறு துண்டாக வெட்டப்பட்டுக் கிடக்கிறது. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு, எட்டு. மணி அடிக்காத வீட்டில் என் வாய் தானாக ஊறுகிறது. பசிக்காவிட்டாலும் விழுங்குகிறேன். விழுங்கியபின் கையைக் கட்டிக்கொண்டு, ஏதாவது நடக்கிறதா என்று அவர் பார்த்து முடியும்வரை உயிரோடு இருந்து காட்டுகிறேன். புருஷன் எலும்பாய்க் கிடக்கிறான், இவள் கொழுத்துப்போனாள் என்று கிணற்றடியில் சொல்லுகிறார்கள். சொல்லட்டும்.

போன வருடம் எனக்குத் தொண்டைக்குள் கட்டி வந்தது. எச்சில்கூட இறங்கவில்லை. காய்ச்சலோடு எழும்பி, பன்னிரண்டு மணிக்குச் சோற்றைக் குழைய வடித்து, பருப்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஏலாது என்று தலையாட்டினேன். அவருக்கு விளங்கியது. என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல்தடவை. "நல்லாக் காயுது. போய்ப் படு" என்றார், உண்மையான கரிசனையோடு.

நான் படுக்கப் போகவில்லை. சாப்பிடுவார் என்று நின்றேன். இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டாரென்றால் எல்லாம் முடிந்தது, இனி நாங்கள் பழையபடி மனிதர்கள் என்று நினைத்தேன்.

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழும்பி, முற்றத்துக்குப் போனார். எங்கள் நாயைக் கூப்பிட்டார். ஒரு பிடி சோற்றை நிலத்தில் வைத்தார். நாய் இரண்டு நக்கில் தின்றுவிட்டு வாலை ஆட்டியது. அவர் வேப்பமரத்தடியில் குந்தி, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். என் வீட்டு நாய், நான் வளர்த்த நாய். அவர் பயந்தபடியே அது சுருண்டு விழுந்து செத்துவிட வேண்டும் என்று நான் முழு மனதோடு விரும்பினேன்.

நாய் நிழலில் போய்ப் படுத்தது. அவர் சாப்பிடத் தொடங்கினார்.